பொட்டு வைத்த பொத்தான்

என் கடைக் கம்ப்யூட்டர் ஒரேயடியாகச் செத்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. திரை கறுத்துவிடும், நான்கு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவேன். அன்றைக்கு அது கண்ணைத் திறந்தபடி கிடந்தது. பதினோரு பக்கம் அடித்து முடித்த மனு திரையில் பளிச்சென்று தெரிந்தது. படிக்கலாம், தொட முடியாது. மௌஸ் அம்பு ஒரு வரியின் நடுவில் ஆணி அடித்தாற்போல் நின்றது. உள்ளே எதையோ அரைத்துக்கொண்டிருக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

செங்கல்பட்டில் கோர்ட்டுக்கு எதிர்வரிசையில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடை என்பது ஒரு ஷட்டர் அகலம். என் வயிறு வளர வளர அதுவும் குறுகிக்கொண்டு வருகிறது. டைப்ரைட்டர் காலத்திலிருந்து மனு அடிக்கிறேன். வக்கீல்கள் சொல்வதை அடிப்பேன், குமாஸ்தாக்கள் சொல்வதைத் திருத்தி அடிப்பேன், கட்சிக்காரர்கள் அழுவதை மட்டும் அடிக்க மாட்டேன். அதற்கு மனுவில் பத்தி கிடையாது.

எங்கள் தொழிலில் யாரும் வெள்ளைத் தாளில் தொடங்குவதில்லை. யாரோ ஒருவருக்கு அடித்த பழைய மனுவைத் திறப்போம். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், நான்கு பக்க எல்லை, இவற்றை மட்டும் மாற்றிக்கொண்டே கீழே இறங்குவோம். கோர்ட்டைக் கும்பிடுகிற வரிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். இதில் ஒரு சிக்கல். நடுவில் சேவ் செய்தால் பழைய ஆளின் மனு அழிந்து, அவர் நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்துவிடுவார். அதனால் எல்லாம் முடிந்தபிறகு கடைசியில்தான் புதுப் பெயர் கொடுத்துச் சேவ் செய்வேன். முதலிலேயே புதுப் பெயர் கொடுத்துவிட்டு ஆரம்பித்தால் என்ன என்று என் மனைவி ஒரு முறை கேட்டாள். அது எனக்குத் தோன்றவே இல்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால், “அதெல்லாம் தொழில் ரகசியம்” என்று சொல்லிவைத்தேன். தானாகச் சேவ் ஆகிற வசதியையும், கிழட்டு மெஷின் அடிக்கடி நின்று மூச்சு வாங்குகிறதென்று அணைத்துவிட்டேன்.

அந்த மெஷினுக்கு வைரஸ் தொல்லை ஓயாமல் இருந்தது. கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து பவர் பத்திரம் அடிக்க வந்த ஒருவர் அதைப் பார்க்கச் சகிக்காமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். ஆராய்ச்சி வேலையில் இருப்பவர், தெற்கத்திக்காரர், பொறுமைசாலி. போகும்போது ஒரு சீட்டில் எதை அமுக்குவது என்று ஒரு வரியும் அதன் கீழே சில எழுத்துகளும் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினார்.

“சார், மெஷின் நின்னு போச்சுன்னா சுவிட்சைப் பிடுங்காதீங்க. ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் சேர்த்து அமுக்கிப் பிடிச்சுக்குங்க. அந்தப் பிடியை விடாம இந்த ஆறு எழுத்தையும் வரிசையா, கொஞ்சம் இடைவெளி விட்டு அமுக்கணும். ஆர் அடிச்சா கீபோர்டு நம்ம கைக்கு வரும். ஈ அடிச்சா உள்ள ஓடுற எல்லாத்தையும் மரியாதையா வெளிய போகச் சொல்லும். ஐ அடிச்சா, போகாம இருக்கிறவங்களைக் கொன்னுடும்.”

“கொன்னுடுமா?”

“நாங்க அப்படித்தான் சார் சொல்றது. எஸ் அடிச்சா டிஸ்க்ல எழுத வேண்டியது பாக்கி இருந்தா எழுதிடும். யூ அடிச்சா டிஸ்க்கைப் பூட்டிடும், அப்புறம் பார்க்கலாம், கை வைக்க முடியாது. பி அடிச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகும்.”

“நான் அடிச்சுக்கிட்டு இருக்கிற மனு?”

“சேவ் பண்ணலைன்னா போயிடும். இது மெஷினைக் காப்பாத்துற வழி சார், மனுவை இல்லை.”

சீட்டின் அடியில் தனியாக எஃப் என்று ஒரு எழுத்து இருந்தது. அதைச் சுற்றி வட்டம் வேறு.

“அதை வேற வழியே இல்லைன்னா மட்டும் அடிங்க. மெமரியில ரொம்ப இடம் அடைச்சுக்கிட்டு இருக்கிற ஒருத்தனை அதுவே பார்த்துத் தூக்கிடும். யாரைங்கிறதை நாம சொல்ல முடியாது.”

நான் அந்தச் சீட்டை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். “அவசர மந்திரம்” என்பேன். உபயோகிக்க வேண்டி வந்ததே இல்லை. ஒரு வருஷம் போல அது அங்கேயே வெளுத்துக்கொண்டிருந்தது.

பொங்கலுக்கு முன்னால் கோர்ட் நடக்கிற கடைசி நாள். பெய்யவும் பெய்யாமல் விலகவும் விலகாமல் வானம் காலையிலிருந்து சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரை மணிக்கு ஒரு குமாஸ்தா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். குமாஸ்தா எனக்கு இருபது வருஷப் பழக்கம், எல்லாரையும் மச்சான் என்று கூப்பிடுகிறவர். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கிற வேலை. சீருடையோடு நேரே பஸ் ஏறி வந்திருந்தார். கையில், வீட்டை இடிக்கப்போவதாக ஒரு நோட்டீஸ். வீட்டுச் சுவரிலிருந்து உரித்து எடுத்தது, பின்பக்கத்தில் நீலச் சுண்ணாம்பு பெயர்ந்து ஒட்டியிருந்தது.

“மச்சான், தடை மனு. நாலு மணிக்குள்ள கவுன்ட்டர்ல வெக்கணும். ஜட்ஜ் ஐயா அஞ்சு மணிக்கு கோர்ட்ட முடிச்சு எழுந்திருக்கறதுக்குள்ள எங்க வக்கீல் சொல்லிப் பாக்கறேன்னு சொல்லிகினு கீறாரு. உட்டா கோர்ட்டு தொறக்க அஞ்சு நாளு.”

“அஞ்சு நாள்ல இன்னா ஆயிடும்?”

“இடிக்கிற வண்டி நாளான்னிக்கு காலைல வருதாம்,” என்றார் அந்தப் பெண். “பொக்லைன் டிரைவரு எங்க தெரு வழியா வந்து பாத்துட்டுப் போனாரு. ‘யக்கா, தட்டுமுட்டெல்லாம் எடுத்து வெச்சுக்கோ’ன்னு நல்லவிதமாத்தான் சொன்னாரு.”

“பொங்கலன்னிக்கா இடிப்பாங்க?”

“லீவு நாள்லதான் மச்சான் கேக்க ஆளிருக்காது,” என்று சொல்லிவிட்டு குமாஸ்தா கோர்ட்டுக்கு ஓடினார்.

இரண்டு சென்ட். சிமெண்டு ஷீட் போட்ட வீடு. அந்தப் பெண்ணுடைய மாமனார் கூலிக்கு நடவு நட்ட காலத்தில் போட்ட குடிசை, பிறகு சுவராகியிருக்கிறது. ஏதோ ஒரு பழைய பதிவேட்டில் அந்த இடம் கால்வாய் என்று இருக்கிறதாம். நான்கு எல்லை கேட்டேன். தெற்கே தெரு, வடக்கே கொழுந்தன் வீடு, கிழக்கே சவுக்குத் தோப்புக்காரரின் சுவர்.

“மேற்கே?”

“கால்வா. எழுதிக்கோ. நான் கண்ணாலம் கட்டி வந்ததுலேர்ந்து அதுல தண்ணியப் பாத்தது இல்ல. மழைக்குக் கூட எங்க வூட்டுக்குள்ளதான் வரும், அதுக்குள்ள போவாது.”

சிரித்துக்கொண்டேதான் அடித்தேன். வேகமாக அடிக்கிறேன் என்கிற கர்வத்தில் அவர் சொல்லாததையும் சேர்த்து அடித்தேன். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசிப் பத்தியை முடித்து, விரலைச் சொடுக்கி, நோட்டீஸ் எண்ணை ஒரு முறை சரிபார்க்கலாமென்று அதன் ஸ்கேனை பிரவுசரில் திறந்தேன். அந்த பிரவுசரில் ஏற்கெனவே பன்னிரண்டு பக்கங்கள் திறந்திருந்தன. ஒன்றில் கம்ப்யூட்டரோடு நான் தோற்றுக்கொண்டிருந்த சதுரங்கம். இன்னொன்றில் தொப்பையைப் பதினைந்து நாளில் குறைப்பது எப்படி. மூன்றாவதில், அது குறைந்தபிறகு சாப்பிடுவதற்காக, நெய்ச்சோறு.

மௌஸ் நின்றது.

ஒரு நிமிஷம் காத்திருந்தேன். டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் ஒரேயடியாகச் சிவப்பாக எரிந்தது. இன்னொரு நிமிஷம். எஸ்கேப் அடித்தேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

“இன்னாச்சு அண்ணாத்த?”

“ஒண்ணுமில்லம்மா. யோசிக்குது.”

“எவ்ளோ நேரம் யோசிக்கும்?”

சீட்டைப் பார்த்தேன். என் மந்திரத்துக்கு வேளை வந்துவிட்டது. ஆனால் ஆறு எழுத்தையும் அடித்தால் மெஷின் பிழைக்கும், மனு போகும். எழுந்து வர ஆறேழு நிமிஷம், மறுபடி அடிக்க இரண்டு மணி நேரம். நான்கு மணிக்கு நான் ஐந்தாம் பக்கத்தில் இருப்பேன். ஆர் மட்டும் அடித்துப் பார்க்கலாம், கீபோர்டாவது கைக்கு வருமே என்று ஆல்ட்டில் ஒரு விரலும் பிரின்ட் ஸ்கிரீனில் ஒரு விரலும் வைத்தேன்.

பிரின்ட் ஸ்கிரீன் கீழே இறங்கவில்லை. கல்லைத் தொட்டது போல இருந்தது.

குனிந்து பார்த்தேன். அதன் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு நான் வைத்தது. கத்தரிக்கோலுக்கு, ஸ்டேப்ளருக்கு, பிரிண்டருக்கு என்று வைத்துக்கொண்டே வந்து கீபோர்டில் எங்கே வைப்பதென்று யோசித்தேன். எழுத்துகளின் மேல் வைத்தால் விரலில் ஒட்டும். வருஷம் முழுக்க நான் தொடவே தொடாத பொத்தான் எது என்று தேடி, மிகவும் புத்திசாலித்தனமாக இதைக் கண்டுபிடித்தேன். சாமிக்குக் குறை வைக்கக் கூடாதென்று சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்துத் தாராளமாகவே வைத்திருந்தேன். அது ஓரமாக வழிந்து உள்ளே போய் மூன்று மாதத்தில் சிமெண்டாகியிருந்தது. பக்கத்திலேயே மானிட்டரில், ‘பிரின்ட் ஸ்கிரீனை அமுக்கிப் பிடிக்கவும்’ என்று நான் பெருமையடித்த சீட்டு ஒட்டியிருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

“இன்னா அதுல, பொட்டா?”

“ஆமாம்மா.”

“மத்ததுக்கெல்லாம் இல்லாம அதுக்கு மட்டும் இன்னா விசேஷம்?”

பேனா முனையால் பொத்தானை நெம்பினேன், பேனா உடைந்தது. அவர் வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் பெரிதாக ஒன்றைக் கழற்றி நீட்டினார். நெம்பியதும் பொத்தான் தெறித்து அவர் மடியில் விழுந்தது. அதன் அடியில் சந்தனம் செங்கல் பொடி மாதிரி இறுகிக் கிடந்தது. நான் குழியைச் சுரண்ட, அவர் பொத்தானைச் சுரண்டினார். அறை துடைக்கிறவரின் விரல்கள். நான் பாதிகூடச் சுரண்டவில்லை, அவர் முடித்துத் துப்பட்டா நுனியால் துடைத்தும் வைத்துவிட்டார். கடிகாரத்தில் மூன்று அடித்து ஏழு நிமிஷம்.

பொத்தானைத் திரும்பப் பொருத்தி அமுக்கினேன், இறங்கியது. ஆர் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அரைக்கிற சத்தம் கொஞ்சம் அதிகமானது போல இருந்தது.

இனி மிச்சம் வட்டம் போட்ட எழுத்துதான். அதை நானாக அடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்தவர் வீட்டை வைத்து விளையாடுகிற அளவுக்கு நான் கோமாளி இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவரிடமே சொன்னேன்.

“இதோ பாரும்மா. இத அடிச்சா உள்ள இருக்கறதுல ஒண்ண அதுவா தூக்கிடும். ரொம்ப எடம் அடைச்சுகினு கீறதத் தூக்கும். அது என்னோட பிரவுசரா இருந்தா நாம பொழைச்சோம். உன் மனுவா இருந்தா போச்சு. அடிக்கலன்னா இது எப்ப எழுந்திருக்கும்னு யாருக்கும் தெரியாது.”

“மனு எத்தினி எடம் அடைக்கும்?”

“பதினோரு பக்கம்தான். ஆனா சொல்ல முடியாது.”

“அந்தண்ட இன்னா வெச்சிருக்கே?”

“கொஞ்சம்... சதுரங்கம். நெய்ச்சோறு.”

அவர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

“பெரிய எடத்த அமுக்கிகினு கீறவனத்தான் தூக்கும்ன்ற?”

“அப்பிடித்தான் சொன்னாரு.”

“அப்ப உன் மெஷினு நோட்டீஸ் ஒட்டனவங்களவிட தேவலாம் அண்ணாத்த. அங்க தோப்புக்காரன் பத்து ஏக்கருக்கு சொவுரு வெச்சுகினு கீறான், அவன ஒண்ணும் கேக்கல. ரெண்டு சென்ட்டுதான் கண்ணுக்குத் தெரிஞ்சிது. அமுக்கு.”

ஆல்ட். பிரின்ட் ஸ்கிரீன். எஃப்.

ஒன்றும் ஆகவில்லை. விளக்கு அப்படியே சிவந்திருந்தது. பத்து எண்ணினேன். ரயில்வே கேட் பக்கம் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று கூவிவிட்டுப் போனது. முப்பது எண்ணினேன். குமாஸ்தா வாசலில் தலையை நீட்டி, “மச்சான், பிரிண்ட்டு?” என்றார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் படியில் உட்கார்ந்தார். அந்த ஆள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சரியாக அழுந்தவில்லையோ? சந்தனம் மிச்சம் இருக்கிறதோ? இன்னொரு தடவை அடிக்கலாமென்று விரல் தானாகப் போயிற்று. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“இன்னொரு தபா அமுக்குனா?”

“இன்னொருத்தரத் தூக்கும்.”

“மொத ஆளு போயாச்சான்னே தெரியல. ரெண்டாவது ஆளு நானா இருந்தா? கைய எடு.”

“கேட்டுதோ இல்லியோன்னுதான்...”

“கேட்டிருக்கும். கேட்டுட்டு எத்தினி நேரம் கழிச்சு வந்து தூக்குவாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க சொவுத்துல நோட்டீஸ் ஒட்டி நாப்பது நாளாவுது. கைய எடு அண்ணாத்த.”

கையை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டை விடவில்லை. ஐம்பது வயதில், நடு மத்தியானத்தில், சொந்தக் கடையில், நாற்காலியில் கை பிடித்து உட்கார வைக்கப்பட்டிருந்தேன். வேறொரு நாளாக இருந்தால் இதற்கே நான்கு ஜோக் சொல்லியிருப்பேன். அந்த அரைக்கிற சத்தம் எங்கள் மூன்று பேரின் நடுவிலும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ பட்டியலோடு அறை அறையாகக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு வருவது போல எனக்குத் தோன்றியது. சதுரங்கத்தின் கதவு. நெய்ச்சோற்றின் கதவு. அப்புறம் இவருடைய கதவு.

விளக்கு அணைந்தது.

திரை ஒரு முறை வெளுத்தது. என் நெஞ்சுக்குள்ளும் ஏதோ வெளுத்தது. பிறகு கீழ்ப் பட்டையிலிருந்து பிரவுசரின் படம் மறைந்தது. மௌஸ் அம்பு அசைந்தது. பதினோராம் பக்கத்தின் கடைசி வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

சேவ் செய்தேன். முதலில் புதுப் பெயர் கொடுத்து. பிறகு வேறொரு பெயரில் இன்னொன்று. பென் டிரைவில் ஒன்று. குமாஸ்தா கத்துகிற வரைக்கும் சேவ் செய்துகொண்டே இருந்தேன்.

“மச்சான், அத்தினி காப்பி இன்னாத்துக்கு? காகிதத்துல ஒண்ணு குடு!”

பிரிண்ட் வந்தது. எனக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. வழக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். அன்றைக்கு ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்து, அவர் நோட்டீஸைப் பார்த்து ஆமாம் சொல்லச் சொல்லத் தாண்டினேன். ஒன்பதாம் பத்தியில் அவர் ஆமாம் சொல்லவில்லை. அது பழைய மனுவில் இருந்த சர்வே எண். ஊரப்பாக்கத்தில் யாரோ ஒருவருடைய வேலிச் சண்டை. மெஷின் நிற்காமல் இருந்திருந்தால், அந்த எண்ணோடேதான் மனுவைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். மாற்றி, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்தேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு இருவரும் சாலையைக் கடந்து கோர்ட்டுக்கு ஓடினார்கள்.

ஐந்தேகாலுக்கு குமாஸ்தா மட்டும் திரும்பி வந்தார். “ஜட்ஜ் ஐயா ரெண்டு வாரம் குடுத்திருக்காரு மச்சான். அதுவரிக்கும் இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கணும்னு உத்தரவு.” அந்த அம்மா சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாராம். அதை விட்டால் அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

காணும் பொங்கலன்று ஊரே மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும். நானும் மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். திரும்பும்போது விசாரித்து அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினேன். மனைவிக்கு என்ன காரணம் சொன்னேன் என்று நினைவில்லை. நிச்சயமாகப் பொய்.

வீடு நின்றது. நீலச் சுவரில் நோட்டீஸை உரித்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வாசலில் கோலம், அந்தச் சின்ன வீட்டுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாகத் தெருவில் பாதி வரைக்கும். கோலம் முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம், மஞ்சள் பெயிண்ட் உரிந்த பொக்லைன், மண்ணில் வாயை ஊன்றிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் டிரைவர் துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தார்.

“வண்டி போவலியா?” என்று வாசலுக்கு வந்த அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“உத்தரவக் காமிச்சேன். படிச்சுப் பாத்துட்டு இன்ஜின நிறுத்திட்டாரு. நிறுத்துன்னுதான் போட்டிருக்கு, போன்னு போடலயாம்.” அவர் என் மனைவிக்கு முறுக்குத் தட்டை நீட்டினார். “மொத நாளு அங்க, அந்தக் கம்பத்தாண்ட நின்னுது. எங்க வாசப்படிலேர்ந்து காலால அளந்தேன், இருவத்தி மூணு அடி. நேத்து பத்தொம்பது. இன்னிக்கு பதினாறு. கேட்டா வெயிலுக்கு ஒதுங்கனேன்றாரு.”

“வெயிலாத்தான் இருக்கும்மா,” என்றேன். வானத்தைப் பார்த்தேன். நான்கு நாளாக அதே சாம்பல் நிறம்.

“அதான் கோலத்தப் பெருசா போட்டுகினு வரேன். சக்கரம் ஏறுனா தெரியுமில்ல.”

மூவரும் கோலத்தின் ஓரம் வரைக்கும் நடந்து போனோம். கடைசி வரிசையில், மூலையில், இரண்டு புள்ளிகள் தேய்ந்து மண்ணோடு கலந்திருந்தன. பக்கத்தில் ஆட்டுக் குளம்பு ஒன்று பதிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் வரி வரியாக ஏதோ ஒரு தடம் இருந்தது. அது நேற்றையதா இன்றையதா என்று எனக்குத் தெரியவில்லை.

“ஆடுதான்,” என்றேன்.

அவர் குனிந்து, கோலப்பொடியை எடுத்து, அந்த இரண்டு புள்ளிகளையும் அதே இடத்தில் திரும்ப வைத்தார்.